கஞ்சி அடுப்பில் எரிந்த முத்திரை

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதலில் மண்ணெண்ணெயைத் தேடினேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் இருந்த காலம் போய்விட்டது என்பது தேடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டில் சுவருக்கு வண்ணம் அடிக்கும் வேலை நடக்கிறது. அங்கே கொஞ்சம் தின்னர் வாங்கி, பஞ்சில் தொட்டு, கொல்லைப்படியில் உட்கார்ந்து விரல்களைத் துடைத்தேன். நக இடுக்கில் பச்சைச் சாயம். இரவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மரவாடி வந்துவிட்டது. அறுத்த தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு, ஈர மரத்தூள், வாசலில் சாயம் கலக்கும் தகர டப்பா எல்லாம் சேர்ந்து வந்தன. நீங்கள் துப்பட்டி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, மரத்தின் நுனியில் தூரிகையால் ஒரே இழுப்பில் பச்சைக்கோடு போடுவீர்கள்.

இது அந்தப் பழைய பச்சை இல்லை. நேற்று நான் சோதனைக்குப் போன ஆலையில் ஒட்டியது. நான் இப்போது எந்த வேலையில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கடைசி வருடங்களில்தான் சேர்ந்தேன். காட்டை அழிக்காமல் வளர்த்து வெட்டிய மரம் என்று சான்றிதழ் கொடுக்கிறார்களே, அந்த நிறுவனத்துக்காக ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். நேற்றைய ஆலையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கப்பல் மரம் ஒரு பக்கம், உள்ளூர் மரம் ஒரு பக்கம். சான்று பெற்ற கப்பல் மரத்தின் நுனியில் எல்லாம் பச்சை. ஆனால் மாசி மாதம் வந்து இறங்கியபோதே பூசியதாகச் சொல்லும் சாயம் ஐப்பசியில் என் விரலில் ஒட்டியது.

திங்கட்கிழமைக்குள் நான் அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன எழுதுவது என்பதைவிட யாருக்கு எழுதுவது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கேட்பதற்கு நீங்கள் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் உங்கள் முன்னால் வந்து நின்றது நினைவிருக்கிறதா? அப்பா படகுக்குப் பலகை வாங்க நாகூருக்கு உங்கள் வாடிக்குத்தான் வருவார். பட்டப்படிப்பு முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருப்பதைச் சொல்லியிருக்கிறார். இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று நீங்கள் வரச் சொன்னீர்கள்.

"என்ன படிச்சிருக்கே?"

"தாவரவியல் அக்கா. செடி, கொடி, மரம் பத்தி."

"இங்க இருக்கிறது அம்புட்டும் செத்த மரமாச்சே. உயிரோட நிக்கிறதப் பத்திப் படிச்ச புள்ளைக்கு இது சரிப்படுமா?"

லோடு இறக்கிக்கொண்டிருந்த ராஜேந்திரன் அண்ணன் சிரித்தார். "நாம மட்டும் என்னக்கா, உயிரோடவா இருக்கோம்? கூலி வாங்குற அன்னைக்கு மட்டும்தான்" என்றார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த அளவு நூலை என்னிடம் நீட்டினீர்கள். மரத்தின் இடுப்பைச் சுற்றி நூல் பிடிப்பதுதான் என் முதல் வேலையாயிற்று.

உங்கள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். மாமனார் இறந்த பிறகு வாடியை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, நீங்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வியாபாரம் செய்ய ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நாளில் திரை காணாமல் போயிற்று. "பொம்பள மரம் அளக்குற வாடி" என்று கடைத்தெருவில் பேர். அந்தப் பேரைச் சொல்லித்தான் லாரிக்காரர்கள் வழி கேட்டார்கள். "நல்லதாப் போச்சு, போர்டு எழுதுற செலவு மிச்சம்" என்றீர்கள்.

அந்தக் காலம் அப்படி. ஊரில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் முதலில் வாசல் கதவாகத்தான் மாறும். இரட்டைக் கதவு, பூ வேலை செய்த நிலை, தேக்கு தவிர வேறு எதையும் கேட்கமாட்டார்கள். ஆனால் நம் நாட்டுக் காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் இறுகியிருந்தது. அறுவை ஆலைக்கு உரிமம், மரம் வெட்ட அனுமதி, கொண்டுபோகச் சீட்டு, சீட்டோடு ஒவ்வொரு மரத்தின் நுனியிலும் வனத்துறை சுத்தியலால் அடித்துப் பதிக்கும் முத்திரை. அதே வருடங்களில் வெளிநாட்டு மரத்துக்குத் துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டன. பர்மாவிலிருந்தும், பேரே வாயில் நுழையாத தேசங்களிலிருந்தும் மரம் வந்து இறங்கியது.

ஒருமுறை கப்பலில் வந்த பெரிய மரம் ஒன்றின் வளையங்களை எண்ணிப் பார்த்து, எங்கள் கொள்ளுத்தாத்தாவைவிட மூத்தது என்றேன். நீங்கள் வெகுநேரம் அதன்மேல் கைவைத்துக்கொண்டு நின்றீர்கள். "நம்ம காட்டப் பூட்டிட்டோம். அடுத்தவன் காட்டுச் சாவிய வாங்கி வச்சுக்கிட்டோம். அவ்வளவுதானே கலா?"  

அந்தச் சாவி உங்களை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழை நீங்கள் அத்தனை மனதோடு ஏற்றிருக்கமாட்டீர்கள். வளைகுடாவில் கட்டப்படும் விடுதி ஒன்றுக்குக் கதவுகள் வேண்டும் என்று கேட்டு ஒரு ஆர்டர் வந்தது. சான்று பெற்ற தோட்டத்து மரத்தில்தான் செய்ய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சான்றிதழ் நிறுவனத்திலிருந்து சோதிக்க வந்த இளைஞர் வாடி முழுக்க நடந்து பார்த்தார். தொழிலாளர்களுக்குக் கையுறை உண்டா, சங்கம் வைக்க உரிமை உண்டா என்று கேட்டார். சங்கம் என்றதும் ராஜேந்திரன் அண்ணன், "நான்தாங்க சங்கம்" என்றார். கடைசியில் அந்த இளைஞர் உங்களிடம் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"இது அரசாங்கச் சட்டம் இல்லையாம் அக்கா. கட்டாயம் கிடையாது. நாமளா விரும்பி ஒத்துக்கிறதுதானாம். சம்மதமான்னு கேக்குறார்."

"நிக்காஹ்ல பொண்ணுக்கிட்ட சம்மதம் கேக்குற மாதிரி."

"ஆமாம்."

"அப்ப கபூல்னு சொல்லு. ஆனா ஒண்ணு கலா. சர்க்காருக்குப் பயந்தா எங்கேயாச்சும் ஒளிஞ்சுக்கலாம். நாமளா ஒத்துக்கிட்டதுக்குப் பயந்தா எங்க போயி ஒளியிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அந்த இளைஞரும் அர்த்தம் புரியாமல் கூடவே சிரித்தார்.

அன்றிலிருந்து பச்சை டப்பா உங்கள் பொறுப்பு. சான்று பெற்ற மரம் வந்து இறங்கினால் வேறு யாரையும் பூச விடமாட்டீர்கள். சுற்று வட்டாரத்தில் பட்டா நிலத்தில் வெட்டி வாங்கிய தேக்கு தனியாகக் கிடக்கும். அதற்கு வனத்துறை முத்திரை மட்டும். இரண்டும் கலக்கக்கூடாது. கலக்காமல் வைத்திருந்தீர்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஒருமுறையாவது வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

உங்கள் மாமனார் வைத்துவிட்டுப் போன ஒரு வழக்கம் இருந்தது. நோன்பு மாதம் பிறப்பதற்கு முன், வாடியில் கிடக்கும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு நுனித்துண்டு அறுத்துப் பள்ளிவாசலுக்கு அனுப்புவீர்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்புக்கு அந்த விறகுதான். எப்படியும் வெயிலில் வெடித்த நுனி வீண்தான் என்பது வியாபாரக் கணக்கு. நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள். "அது மரம் கொடுக்குற ஜகாத்து, ஏழைக்குள்ள பங்கு" என்பீர்கள். முத்திரை இருக்கும் நுனியை விட்டுவிட்டு மறுநுனியை அறுக்க வேண்டும். மஸ்தான் அண்ணன் அறுவை மேசையில் இருந்தவரை இதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

அந்த வருடம் மஸ்தான் அண்ணன் சவுதிக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டுக்காரர் அனுப்பிய விசாவில்தான் போனார். மகள் கல்யாணத்துக்கு வேறு வழி இல்லை என்று அவர் அழுதபோது நீங்கள்தான் வீட்டுக்காரரிடம் பேசினீர்கள். அவர் இடத்துக்கு வடக்கேயிருந்து வந்த ஆட்களை ஒப்பந்தக்காரர் அனுப்பினார். நல்ல உழைப்பாளிகள். நோன்புக்கு நுனி எடுக்கச் சொன்னோம், எடுத்தார்கள். எந்த நுனி என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது, சொல்ல வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்திலிருந்து வந்த தேக்கு மரங்களில் முத்திரை விழுந்த நுனி எல்லாம் துண்டாகி, தள்ளுவண்டியில் பள்ளிவாசலுக்குப் போயிற்று. ஊர் கஞ்சி குடித்தது.

நோன்பு பாதி கழிந்திருக்கும். ஆற்றங்கரைத் தேக்குகளை யாரோ வெட்டிக் கடத்துகிறார்கள் என்று புகார் கிளம்பியிருந்தது. ஆற்றுக்கரையும் வாய்க்கால் கரையும் பலமாக நிற்பதற்கென்று அரசாங்கம் வளர்த்த மரங்கள் அவை. வனத்துறையின் பறக்கும் படை எல்லா வாடிகளுக்கும் போனது. நம் வாடிக்கும் வந்தது. ரேஞ்சர் குத்தாலத்து மரங்களின் நுனியைப் பார்த்தார். சுற்றிவந்து மறுநுனியையும் பார்த்தார்.

"முத்திரை எங்கம்மா?"

நீங்கள் சீட்டை எடுத்து நீட்டினீர்கள்.

"சீட்டு சரியாத்தான் இருக்கு. சீட்டுல இருக்குற மரம் இதுதான்னு நான் எப்படி நம்புறது? நுனிய ஏன் அறுத்தீங்க?"

"நோன்புக் கஞ்சிக்கு."

கூட வந்திருந்த வனக்காவலர் களுக்கென்று சிரித்தார். ரேஞ்சர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். களைத்துப் போன முகம். பச்சைக்கோடு போட்ட கப்பல் மரங்கள் பக்கம் பார்த்தார். கப்பல் மரத்துக்குத் துறைமுகத்துச் சீட்டு இருந்தால் போதும். அவர் கேட்கும் முத்திரை அதற்குத் தேவையில்லை. நம்மிடம் அந்தச் சீட்டு தாராளமாக இருந்தது. இது அவருக்கும் தெரியும்.

"நாங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வர்றோம். அதுக்குள்ள கப்பல் மரம் எது, உள்ளூர் மரம் எதுன்னு பிரிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு, நோன்புக் காலத்தில் டீக்கடை தேடிப் போனார்.

அவர் ஜீப் தெருமுனை திரும்பும் முன்பே ராஜேந்திரன் அண்ணன் பச்சை டப்பாவைத் திறந்துவிட்டார். "அக்கா, அந்த மனுசனே வழி சொல்லிட்டுப் போறார். ஒரு இழுப்புத்தான். நீங்க கை வைக்க வேணாம், நான் பூசிடுறேன்."

நீங்கள் மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டுக்காரரின் போன். யார் சொன்னார்களோ, கடல்தாண்டி செய்தி போய்விட்டது. அவர் குரல் எனக்கே கேட்டது. "கப்பல் மரம்னு சொல்லித் தொலை. ஊருல எல்லாவனும் அதைத்தானே செய்யிறான்? நீ மட்டும் என்ன மகானா, அவுலியாவா?"

"சர்க்காருக்கு மட்டும்னா அப்படிச் சொல்லிடுவேன் மச்சான். அந்தப் பச்சை சர்க்காருக்குப் போட்டது இல்ல, நாமளா ஒத்துக்கிட்டுப் போட்டது" என்றீர்கள். போனை என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். அவர் என்னிடமும் கத்தினார். பாவம், அவருக்கு அந்த வாடி இருபது வருடம் வெளிநாட்டு வெயிலில் நின்று அனுப்பிய பணம்.

ஜீப் திரும்பி வந்தது. மரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. டப்பா மூடியிருந்தது.

"இன்னும் பிரிக்கலையாம்மா?"

"பிரிச்சுத்தாங்க இருக்கு."

 ரேஞ்சர் காவலரைக் கூப்பிட்டு, மரங்களைப் பறிமுதல் செய்வதாக வழக்கு எழுதச் சொன்னார்.

அன்று மாலை நோன்பு திறப்பதற்கு முன் நாம் பள்ளிவாசல் சமையல்கட்டுக்கு ஓடினோம். ஒரு துண்டாவது எரியாமல் கிடக்குமா என்று. கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று புரியாமல், "இந்த வருசம் விறகு அருமைம்மா. தேக்கு எரிஞ்சா பானையே மணக்குது" என்றார். அடுப்பில் சாம்பல் மட்டும்தான். அவர் ஆளுக்கொரு குவளை கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். பாங்கு சொன்னதும் நீங்கள் குடித்தீர்கள். ஒரு சொட்டு விடாமல் குடித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் குத்தாலத்துக்குப் போனோம். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை நிலத்தில் இருந்தால், மரத்தோடு வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். முத்திரை பொய் சொன்னாலும் வளையம் பொய் சொல்லாது என்று ரயிலில் நான்தான் உங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். போய் இறங்கினால், வயலும் தோப்புமாக இருந்த இடம் மனைக்கட்டாகியிருந்தது. கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, நுழைவாயிலில் வளைவு. அடிக்கட்டைகளைப் பொக்லைன் வைத்துத் தோண்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டார்களாம். நிலத்துக்காரர் மோர் கொடுத்து உபசரித்தார்.

"நான் முறையா அனுமதி வாங்கித்தாம்மா வெட்டினேன், எங்க வேணும்னாலும் சொல்றேன். ஆனா கோர்ட்டு, கச்சேரின்னு மட்டும் கூப்பிடாதீங்க. கேஸ் இருக்குற இடம்னு தெரிஞ்சா ஒரு மனை போகாது. எம் பையன் சிங்கப்பூருக்குப் போற செலவு இதுலதான் இருக்கு."

நீங்கள் அவரை வற்புறுத்தவில்லை. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். மயிலாடுதுறை தாண்டிய பிறகு, "அவரு சொல்றதும் நியாயம்தானே" என்றீர்கள். 

சான்றிதழ் கொடுத்தவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அரசு வழக்கு நிலுவையில் இருப்பதால் உங்கள் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படுகிறது, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. நான் தமிழில் படித்துக் காட்டினேன். "நன்றி எதுக்காம்?" என்று கேட்டீர்கள். அவர்களுக்காகத்தானே அந்த மரங்களில் பச்சை பூசாமல் விட்டீர்கள் என்று நான் பதில் எழுதினேன். நீண்ட கடிதம். அதைப் படித்தோம் என்றுகூட அவர்கள் தெரிவிக்கவில்லை. சோதிக்க வந்த இளைஞர் மட்டும் ஒருநாள் தானாகப் போன் செய்தார். "நீங்க சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியும். ஆனா நாங்க நீதிபதி இல்ல" என்று இங்கிலீஷில் சொன்னார். அரசாங்கத்துக்கு முத்திரை வேண்டும், அவர்களுக்கு வழக்கு இல்லாத பெயர் வேண்டும். உங்கள் வார்த்தையை வாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் ஆளில்லை.

விடுதிக் கதவுகள் வேறு ஊருக்குப் போயின. ஆலை உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அறுவை இயந்திரத்தை விற்றீர்கள். வடக்கத்தி ஆட்கள் திருப்பூர் போனார்கள். ராஜேந்திரன் அண்ணன் கொஞ்ச நாள் மீன் வண்டியில் ஐஸ் ஏற்றினார், பிறகு குடிக்க ஆரம்பித்தார், பிறகு அவரைப் பற்றிச் செய்தி இல்லை. வெளிநாட்டிலிருந்து போன் வருவது வெள்ளிக்கிழமை தோறும் என்பது மாறி, பெருநாளுக்குப் பெருநாள் என்றாயிற்று.

வாய்தா, வாய்தா. நீதிமன்றத்து வேப்பமரத்தடியில் நாம் எத்தனை முறை உட்கார்ந்தோம். ஒருநாள் நான் பொறுக்காமல், "இந்தச் சட்டமெல்லாம் எதுக்கு அக்கா? நல்லவங்களைப் பிடிக்கத்தானா?" என்றேன்.

"அப்படிச் சொல்லாதே. சட்டம் இல்லன்னா கரையில ஒரு மரம் நிக்குமா? மரத்துக்குக் காவல் வேணும் கலா. காவக்காரனுக்குக் கண்ணு தெரியலன்னா, காவலே வேண்டாம்னா சொல்லுவே?"

அன்று திரும்பும் வழியில் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்ப் பறிமுதல் செய்த மரங்களைப் பார்த்தோம். திறந்த வெளியில் கிடந்தன. தேக்கு சட்டென்று மட்கிவிடாது. அதனால்தான் பார்க்க அதிகம் கஷ்டமாக இருந்தது. பட்டையை ஒட்டிய வெளிவெள்ளையைச் செல் அரித்திருந்தது. உள்வைரம் மழையிலும் வெயிலிலும் வெடித்து, சாம்பல் பூத்து, ஆனாலும் செத்துப்போகாமல் கிடந்தது. மேலே ஒரு ஆடு படுத்திருந்தது. "ஆட்டுக்காச்சும் ஆச்சு" என்றீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்கு மூச்சுத் திணறியது. மருத்துவர் இதயம் வீங்கியிருக்கிறது என்றார்.

நீங்கள் போன அன்று அடைமழை. வழக்கு முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்ட எதிரி இறந்துவிட்டதால் கைவிடப்படுகிறது என்று பிறகு முடித்துவைத்தார்கள். குற்றவாளி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அவசியம் இல்லை என்றார் வக்கீல். கடைத்தெருவில் இன்றைக்கும் உங்கள் வாடியைச் சொல்ல வேண்டியிருந்தால், "ஆத்தங்கரை மரம் பிடிபட்டுச்சே, அந்த வாடி" என்கிறார்கள்.  மறுத்துப் பேசினால் அழுகை வரும் என்பதால் நான் நடந்துவிடுகிறேன்.

நேற்றுக்கு வருகிறேன். அந்த ஆலையின் முதலாளி சின்ன வயது, மரியாதையான பேச்சு. என் விரலில் சாயம் ஒட்டியதைப் பார்த்ததும் உடனே துணி எடுத்து நீட்டினார். "மழை ஈரம் மேடம். அதான் மேல ஒரு கோட்டு அடிச்சோம்." நானும் தலையாட்டினேன். அறுவை மேசைப் பக்கம் போனேன். பச்சைக்கோடு போட்ட மரம் ஒன்று ஏறியிருந்தது. பாதி அறுபட்டபோது வாள் கிறீச்சிட்டு நின்றது. அறுப்பவர் உளியால் கிளறி ஒரு ஆணியை எடுத்துப் போட்டார். துருப்பிடித்த ஆணி, அதன் தலையில் நசுங்கிய சோடா மூடி. மரம் அதைச் சுற்றி வளர்ந்து விழுங்கியிருந்தது.

ரோட்டோரத்து மரங்களில் தகரப் பலகை அடிப்பவர்கள் சோடா மூடியை வைத்து அடிப்பார்கள், பலகை கிழிந்து விழாமல் இருக்க. டியூஷன் பலகை, மனை விற்பனைப் பலகை. கடல்கடந்த தோட்டத்தில் வளர்ந்த மரத்துக்குள் நம் ஊர்ச் சோடா மூடி எப்படி வரும்?

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "கப்பல்ல வரும்போது எவனாச்சும் அடிச்சிருப்பான் மேடம். டீ சொல்லட்டுமா?"

டீ வேண்டாம் என்றேன். திரும்பும்போது பேருந்தை விட்டு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி, ரோட்டை ஒட்டி ஓடும் வாய்க்காலின் கரைமேல் நடந்தேன். தேக்கு வரிசையில் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். அந்த இடங்களில் வைக்கோலும் சேறும் போட்டு மூடியிருந்தது. காலால் விலக்கினேன். அடிக்கட்டை. ஈரம் காயாத வெட்டு. அதன் கீழே கரை கால்வாசி சரிந்து தண்ணீருக்குள் போயிருந்தது. கரைக்கு மறுபக்கம் பள்ளத்தில் ஒரு தெரு, ஓலையும் தகரமுமாகக் கூரைகள், ஒரு பெண் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரைங்க பாக்குறீங்க?" என்று கேட்டாள். "சும்மாதாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த அடைமழைக்குக் கரை தாங்காது. அது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

மேலாளருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"கலா, நாம போலீஸ் இல்ல. அவங்களா விரும்பி வந்திருக்காங்க, நாம நெருக்கினா அவங்களா போயிடுவாங்க. வேற கம்பெனிகிட்ட வாங்கிப்பாங்க. 'கூடுதல் விளக்கம் தேவை'ன்னு எழுதுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"வனத்துறைக்குச் சொல்ல வேண்டாமா சார்?"

"ரகசியம் காப்போம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்ல. உங்க வேலை மட்டும் இல்ல, நம்ம கிளையே போயிடும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லோரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள் அக்கா. உங்கள் காலத்திலும் ஒருவர்கூட அநியாயமாகப் பேசவில்லை. வீட்டில் என் சம்பளம்தான் நிலையான வருமானம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மீன்பிடித் தடைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடையாது. இதையெல்லாம் நினைத்துப் பார்க்காமல் இல்லை.

பொய் மரத்தில் சான்றுப் பச்சை இருக்கிறது. உண்மையான மரத்தில் முத்திரை இல்லாததால் நீங்கள் போனீர்கள். இதற்குள் ஏதோ பெரிய பாடம் இருப்பதாக மற்றவர்கள் சொல்லக்கூடும். எனக்குப் பாடம் ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்ததுதான் கிடைத்தது. யாரும் கட்டாயப்படுத்தாதபோது நீங்கள் கபூல் சொன்னதும், அதற்காகக் கடைசிவரை ஒளிந்துகொள்ள இடம் தேடாததும். இத்தனை வருடமாக அதைத்தான் சுமந்துகொண்டு இருக்கிறேன். பல நாள் அது கனக்கிறது. சில நாள் உங்கள்மேல் கோபம்கூட வருகிறது, ஒரு இழுப்புப் பூசியிருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பீர்களே என்று.

திங்கட்கிழமை அறிக்கையில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிடுவேன். ஆனால் அதற்கு முன், நாளைக் காலை, உங்கள் மரங்கள் கிடந்த அதே வனச்சரக அலுவலகத்துக்குப் போகிறேன். என் பெயரும் முகவரியும் போட்டுப் புகார் கொடுக்கப் போகிறேன். உங்களை நம்பாத மேசைக்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். என்னையும் நம்பாமல் போகலாம். அப்படியானால் மறுநாளும் போவேன். வீட்டுக்காரருக்கோ, மகளுக்கோ, மேலாளருக்கோ இது தெரியாது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

கலா